‘25 இல்லாம ஏன் போன?’ - ஒரு கணக்கு டீச்சரின் சிவப்பு வட்டங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை. சென்னையில் ஒரு கிளப்பின் மாடி அறை. நாலு பேர் உட்காரும் சதுர மேஜைகள். மேலே சுற்றும் ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

டீச்சரின் கையில் 13 சீட்டுகள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அவருடைய கணவர். பிரிட்ஜ் ஆட்டத்தில் எதிரே உட்காருபவர்தான் ஜோடி. பக்கத்தில் உட்காருபவர்கள் எதிரணி.

டீச்சர் ‘ஒன் நோ டிரம்ப்’ என்று ஏலத்தைத் தொடங்கியிருந்தார். கணவர் ‘டூ நோ டிரம்ப்’ என்றார். இந்த ஆட்டத்தில் அது ஒரு கேள்வி. ‘என்னிடம் 8 அல்லது 9 புள்ளி இருக்கிறது. உன் கை நன்றாக இருந்தால் மூன்றுக்குப் போ. சுமார் என்றால் இங்கேயே நிறுத்திவிடு’ என்று அர்த்தம்.

டீச்சரிடம் இருந்தது 16 புள்ளி. ஸ்பேடில் ராஜா, பத்து, நாலு. ஹார்ட்டினில் ஏஸ், ஒன்பது, மூன்று. டைமண்டில் ஏஸ், ராணி, பத்து, ஒன்பது, ஐந்து. கிளாவரில் ராஜா, ஆறு.

சீட்டுகளைப் பார்த்தபோது அவருக்கு அந்த ஐந்து டைமண்டுகள் கண்ணில் படவில்லை. போன வாரம் கணக்கு நோட்டில் கணவர் போட்ட சிவப்பு வட்டம்தான் கண்ணில் நின்றது. கூடவே காதில் அந்தக் குரல்: “25 இல்லாம ஏன் போன?”

16-ம் 8-ம் 24. டீச்சர் பச்சை நிற ‘பாஸ்’ அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

எட்டுப் பிடி எடுத்தால் போதும். டைமண்ட் ராஜா வசதியான பக்கத்தில் இருந்ததால் ஒன்பது பிடி வந்தது. 150 புள்ளி லாபம். எதிரணிப் பெரியவர் தலையாட்டிப் பாராட்டினார். கணவரும் சொன்னார், “நல்லா நிறுத்தின.”

அரை மணி நேரம் கழித்துதான் விஷயம் தெரிந்தது. அது நாலு பேர் கொண்ட அணிகளுக்கு இடையிலான போட்டி. அதே சீட்டுகளை அடுத்த அறையில் இன்னொரு மேஜையிலும் ஆடுவார்கள். அங்கே டீச்சரின் கையை வைத்திருந்த எதிரணிக்காரர் தயங்காமல் ‘த்ரீ நோ டிரம்ப்’ போயிருக்கிறார். அவருக்கும் அதே ஒன்பது பிடி. ஆனால் கிடைத்தது 600 புள்ளி.

அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் 10 இம்ப் போனது. டீச்சரின் அணி மொத்தப் போட்டியில் தோற்றது 7 இம்ப் வித்தியாசத்தில்.

“கொஞ்சம் ஓவராத்தான் போயிருக்காங்க. ராஜா சரியான இடத்துல இருந்துச்சு, அவங்க அதிர்ஷ்டம்” என்றார் கணவர். யாரும் டீச்சரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டிலும் சிவப்பு வட்டம் விழவில்லை.

அன்றைக்கு ராத்திரி டீச்சருக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றில் என்ன இருக்கிறது?

ரம்மி ஆடியவர்களுக்கு பிரிட்ஜ் புரிவது கஷ்டமில்லை. ஆளுக்கு 13 சீட்டு. ஒவ்வொருவரும் ஒரு சீட்டு போட, நாலு சீட்டும் சேர்ந்தது ஒரு பிடி. மொத்தம் 13 பிடி. ஆட்டம் தொடங்கும் முன் ஏலம் நடக்கும். ‘நாங்கள் இத்தனை பிடி எடுப்போம்’ என்று எந்த ஜோடி அதிகம் கேட்கிறதோ, அந்த ஜோடி சொன்னதைச் செய்து காட்ட வேண்டும். ஏலத்தில் சொல்லும் எண்ணோடு ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ‘இரண்டு’ என்றால் எட்டுப் பிடி. ‘மூன்று’ என்றால் ஒன்பது.

துருப்பு வைத்து ஆடலாம். துருப்பே இல்லாமலும் ஆடலாம். துருப்பு இல்லாததுதான் நோ டிரம்ப். இதில் வெட்டித் தப்பிக்க வழியில்லை. எதிராளியிடம் ஒரே வகையில் ஐந்து நல்ல சீட்டு இருந்து, நம்மிடம் அதைத் தடுக்கப் பெரிய சீட்டு இல்லையென்றால், ஐந்தையும் வரிசையாகப் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார். பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்படியிருந்தும் எல்லோரும் மூன்று நோ டிரம்ப்பை ஆசையாகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏலத்தில் கேட்ட பிடிகளின் மதிப்பு 100-ஐத் தொட்டால் அது ‘கேம்’. அதற்குத் தனியாகப் பெரிய போனஸ் உண்டு. ஹார்ட்டின், ஸ்பேடு துருப்பு என்றால் கேமுக்குப் பத்துப் பிடி வேண்டும். டைமண்ட், கிளாவர் என்றால் பதினொன்று. நோ டிரம்ப்பில் முதல் பிடிக்கு 40, அடுத்தடுத்த பிடிக்கு 30. ஆக, ஒன்பது பிடியிலேயே 100 வந்துவிடும். கேமுக்கு இதுதான் மிகக் குறுக்கு வழி.

இதில் கண்டிஷன் ஒன்றுதான். ஏலத்தில் கேட்டால்தான் போனஸ். இரண்டு கேட்டுவிட்டு ஒன்பது பிடி எடுத்தால், அந்த ஒன்பதாவது பிடிக்கு 30 புள்ளி மட்டும்தான்.

எப்போது கேட்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. சீட்டுக்கட்டு முழுக்க 40 புள்ளி. ஜோடியின் இரண்டு கைகளும் சேர்ந்து 25 இருந்தால் ஒன்பது பிடி வர நல்ல வாய்ப்பு என்பது அனுபவத்தில் வந்த அளவு. ஒன் நோ டிரம்ப் என்று தொடங்குபவரிடம் பொதுவாக 15 முதல் 17 வரை இருக்கும். ஜோடி ‘இரண்டு’ என்று கேள்வி கேட்டால், 15 வைத்திருப்பவர் நிறுத்திவிடுவார். 17 வைத்திருப்பவர் போய்விடுவார்.

சிக்கல் 16-ல்தான். அங்கே கணக்குப் புத்தகம் முடிந்து ஆளின் குணம் ஆரம்பித்துவிடுகிறது.

சமையலறையிலிருந்து மேஜைக்கு

டீச்சர் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் வங்கியில் கிளை மேலாளராக இருந்தவர். கல்யாணமான புதிதிலிருந்தே சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் நாலு பேர் பிரிட்ஜ் ஆடுவார்கள். டீச்சர் காபி கொண்டுபோய் வைப்பார். சமையலறையில் இருந்தபடியே ‘ஒன் நோ டிரம்ப்’, ‘பாஸ்’, ‘டபுள்’ எல்லாம் காதில் விழும். நோட்டுத் திருத்திக்கொண்டே அந்தக் குரல்களை வைத்து யார் கையில் என்ன இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டதும் உண்டு. ஆனால் ஒருநாளும் மேஜையில் உட்கார்ந்ததில்லை.

2018-ல் ஒரு செய்தி வந்தது. ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம். வாங்கியவர்கள் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். ஒருவருக்கு வயது 60, இன்னொருவருக்கு 56.

“அறுபது வயசுல தங்கமா!” என்று டீச்சர் பேப்பரை மடித்து வைத்தார். அதே வருஷம் கணவரின் பழைய ஜோடி, மகனோடு இருக்க பெங்களூருக்குக் குடிபோனார். கணவருக்கு எதிரே ஒரு நாற்காலி காலியானது.

கணக்கு டீச்சர் ஆயிற்றே, ஆட்டம் சீக்கிரமே பிடிபட்டது. ஆறே மாதத்தில் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் டீச்சர் எழுதி வைத்தார். வீட்டுக்கு வந்ததும் கணவர் அந்த நோட்டை வாங்குவார். தோற்ற கேம்களைத் தேடி, சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார்.

“இங்க பாரு. 24 புள்ளி. 25 இல்லாம ஏன் போன?”

“இல்லீங்க, அஞ்சு கிளாவர் இருந்துச்சு...”

“இருந்துச்சுன்னா? வந்துச்சா?”

கணவர் சத்தம் போடுகிறவர் இல்லை. தப்பைத் திருத்த வேண்டும் என்ற அக்கறைதான். முப்பது வருஷம் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டவருக்கு, அந்த வட்டத்தைப் பார்க்கிற பக்கத்தில் உட்காருவது புதுசு.

பிரிட்ஜ் ஆடும் புருஷன் பெண்டாட்டியைக் கிண்டல் செய்ய கிளப்பில் ஒரு பழைய கதை சொல்வார்கள். 1929 செப்டம்பரில், அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஜான் பென்னட், மிர்ட்டில் பென்னட் என்ற தம்பதி அண்டை வீட்டு ஜோடியோடு பிரிட்ஜ் ஆடினார்கள். ஜான் எடுத்த நாலு ஸ்பேடு கேம் தோற்றது. வார்த்தை முற்றியது. அவர் மனைவியை அறைந்தார். மனைவி துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். ஜான் இறந்துபோனார். 1931-ல் நீதிமன்றம் மிர்ட்டிலை விடுதலை செய்தது. “சார், டீச்சர்கிட்ட ஜாக்கிரதை!” என்று சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். டீச்சரும் சிரிப்பார்.

சிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்தில் 16 வந்தால் பாஸ் போடுவார்.

பச்சைக் கோடு

தூக்கம் வராத அந்த ராத்திரியில் டீச்சர் எழுந்து ஹால் விளக்கைப் போட்டார். நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார்.

சிவப்பு வட்டங்கள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொன்றும் ஞாபகத்தில் இருந்தது. எந்த ஆட்டம், எந்த மேஜை, கணவர் என்ன சொன்னார் என்பது வரைக்கும்.

இன்றைய ஆட்டம் எப்படித் தெரிகிறது என்று பார்த்தார். ‘2 நோ டிரம்ப், 9 பிடி, +150.’ லாப வரிசையில், அழகாக, கூட்டல் குறியோடு இருந்தது. 10 இம்ப் இழந்த ஆட்டம் அது. போட்டியையே தோற்க வைத்த ஆட்டம். நோட்டில் அது வெற்றி.

ஒரு பச்சைப் பேனாவை எடுத்தார். பாஸ் அட்டையின் நிறம். இரண்டில் நின்று ஒன்பது பிடி எடுத்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கீழே ஒரு பச்சைக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஒன்றில் நின்று ஒன்பது எடுத்ததும் இருந்தது. கடைசிப் பக்கம் வந்தபோது சிவப்பு வட்டங்களைவிடப் பச்சைக் கோடுகள் இரண்டு பங்குக்கு மேல் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவருக்கு ஞாபகத்தில் இல்லை. யாரும் திட்டாத தப்பு எப்படி ஞாபகத்தில் இருக்கும்?

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வகுப்பில் கரும்பலகையில் போடுவதுபோலக் கணக்குப் போட்டார்.

பிரிட்ஜ் போர்டில் சீட்டு வைக்கும் இடத்தில் சிவப்பு நிறம் இருந்தால் அந்த ஜோடிக்கு அந்த ஆட்டத்தில் லாபமும் அதிகம், அடியும் அதிகம். சிவப்பில் மூன்று போய் ஜெயித்தால் 600. இரண்டில் நின்று ஒன்பது எடுத்தால் 150. வித்தியாசம் 450; அணிப் போட்டிக் கணக்கில் அது 10 இம்ப். சரி, மூன்று போய் ஒரு பிடியில் தோற்றால்? 100 நஷ்டம். இரண்டில் நின்று எட்டுப் பிடி எடுத்திருந்தால் 120 லாபம். வித்தியாசம் 220. அது 6 இம்ப்.

அதாவது, சரியாகப் போனால் 10 வரும். தப்பாகப் போனால் 6 போகும்.

16 முறை போவோம் என்று வைத்துக்கொண்டார். அதில் 6 முறை மட்டும் ஜெயித்தால் 60 வரவு. மீதி 10 முறையும் தோற்றால் 60 செலவு. கணக்கு சமம். ஏழாவது முறை ஜெயித்தால் லாபம்!

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். 16-ல் 10 முறை தோற்றாலும் நஷ்டமில்லாத ஒரு வேலையை, இரண்டு முறை தோற்றதற்காக நிறுத்தியிருக்கிறார்.

சிவப்பு இல்லாத ஆட்டத்துக்கும் போட்டுப் பார்த்தார். அங்கே ஜெயித்தால் 6, தோற்றால் 5. பதினொரு முறையில் ஐந்து ஜெயித்தால் சமம். அங்கேயும் பாதிக்குப் பாதி தேவையில்லை. எல்லா ஜோடிகளின் புள்ளியையும் ஒப்பிட்டுத் தரவரிசை போடும் ஜோடிப் போட்டியில் மட்டும்தான் பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டும்.

இன்னொன்றும் உறைத்தது. இரண்டு நோ டிரம்ப் என்பது சரியாக எட்டுப் பிடி வந்தால் மட்டும் பலன் தரும் இடம். ஏழு வந்தால் அதுவும் தோல்வி. ஒன்பது வந்தால் போனஸ் போச்சு. பத்திரமான இடம் என்று நினைத்து இத்தனை நாள் நின்றது, ஒரு கால் மட்டும் வைக்க முடிகிற திண்ணையில்.

போனில் ஒரு டீச்சர், மேஜையில் ஒரு டீச்சர்

கொரோனா ஊரடங்கில் கிளப் மூடியிருந்தபோது டீச்சர் போனில் பிரிட்ஜ் ஆடப் பழகியிருந்தார். “சீட்டைக் கையில பிடிக்காம அதென்ன ஆட்டம்?” என்று கணவர் அந்தப் பக்கமே வரவில்லை. டீச்சர் இன்றைக்கும் மத்தியானம் சாப்பிட்டபின் முகம் தெரியாதவர்களோடு அரை மணி நேரம் ஆடுவார்.

அந்த ராத்திரியில் போனையும் எடுத்துப் பழைய ஆட்டங்களைப் பார்த்தார். 16 புள்ளியும் ஐந்து நல்ல சீட்டும் வந்த இடங்களில் எல்லாம் யோசிக்காமல் மூன்று போயிருக்கிறார். சில தோற்றிருக்கின்றன. எதிரே இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆட்டத்துக்குப் போயிருக்கிறார்.

அப்படியானால் தனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் செய்ய முடியாமல்தான் இருந்திருக்கிறது. முகம் தெரியாதவரோடு ஆடும்போது வருகிற தைரியம், நாற்பது வருஷம் கூடவே வாழ்ந்தவரோடு ஆடும்போது வரவில்லை. அதுதான் டீச்சரை உறுத்தியது. போட்டி தோற்றதுகூட அவ்வளவு உறுத்தவில்லை.

காலையில் காபி குடித்துக்கொண்டே கேட்டார்.

“ஏங்க, நீங்க பிராஞ்ச்ல இருந்தப்போ, லோன் குடுத்து வராம போச்சுன்னா என்ன ஆகும்?”

“மெமோ வரும். ஏன் குடுத்தேன்னு விளக்கம் கேப்பாங்க. பிரமோஷன் தள்ளிப்போகும். எதுக்குக் கேக்கற?”

“குடுத்திருக்க வேண்டிய ஆளுக்குக் குடுக்காம விட்டிருந்தா?”

கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அதுக்கு ஃபைலே கிடையாது” என்றார்.

டீச்சர் நோட்டைத் திறந்து பச்சைக் கோடுகளைக் காட்டினார். 16 முறைக் கணக்கைக் காட்டினார். கணவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. “அதுக்காக 23 வெச்சுக்கிட்டு போக முடியுமா? தைரியம் வேற, திமிர் வேற” என்றார். இரண்டு முறை கணக்கைச் சரிபார்த்தார். வங்கிக்காரர், எண்களோடு சண்டை போட மாட்டார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாக்கிங் போனார்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தார்.

“சின்ன ஊர் ஒண்ணுல இருந்தேனே, ஞாபகம் இருக்கா? அங்க ஒரு டெய்லர் வந்தார். நாலு மெஷின் வாங்கணும்னு லோன் கேட்டார். பேப்பர்ல கொஞ்சம் குறை. ஆளு நல்ல ஆளு, வேலையும் தெரியும். எனக்கே தெரியும். ஆனா முந்தின மாசம்தான் ஒரு லோன் வராம போய் மெமோ வாங்கியிருந்தேன். முடியாதுன்னுட்டேன். பல வருஷம் கழிச்சு அந்தப் பக்கம் பஸ்ல போறேன். ரெண்டு மாடிக் கட்டடத்துல அவர் பேரு போர்டு. வேற பேங்க் குடுத்திருக்கு.”

“இதை என்கிட்ட சொன்னதே இல்லியே.”

“என்னன்னு சொல்றது? என் ரெக்கார்டுல அது தப்பே இல்ல.”

கடைசிப் பக்கத்தில் நாலு கேள்வி

அன்று சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் சில கேள்விகளை எழுதினார்கள். புள்ளி நடுவாந்திரமாக வரும்போது, போவதா நிற்பதா என்று கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்.

ஒன்று: ஐந்து சீட்டுள்ள நல்ல வகை கையில் இருக்கிறதா? நோ டிரம்ப்பில் பிடியைக் கொண்டுவருவது நீளமான வகைதான். பெரிய சீட்டுகள் போனபின் அதன் சின்னச் சீட்டுகூட ஜெயிக்கும். நாலு, மூன்று, மூன்று, மூன்று என்று தட்டையாக இருக்கிற 16-க்கு அந்த வசதி இல்லை. அதை வைத்துக்கொண்டு நிற்பதே நல்லது.

இரண்டு: பத்து, ஒன்பது இருக்கிறதா? புள்ளிக் கணக்கில் அவற்றுக்கு மதிப்பே கிடையாது. ஆனால் ஏஸ், ராணியோடு சேர்ந்தால் ஒரு பிடியைக் கூட்டிக் கொடுத்துவிடும்.

மூன்று: போர்டில் சிவப்பா? சிவப்பென்றால், சந்தேகம் வரும்போது போய்விட வேண்டும்.

நாலாவதை கணவர் சொன்னார். “ராஜாவும் ராணியும் அந்த நீளமான வகையிலயே சேர்ந்து இருக்கான்னு பாரு. ஜோடி இல்லாம நாலு பக்கமும் சிதறிக் கிடந்தா 16-ம் 15 மாதிரிதான்.” நாற்பது வருஷம் ஆடியவரின் கணக்கு. டீச்சர் அதைக் கோடு போட்டு எழுதிக்கொண்டார்.

பல முறை உலக சாம்பியனான அமெரிக்கர் பாப் ஹாம்மன் பெயரில் ஒரு விதி உண்டு. ஏலத்தில் நியாயமான வழிகள் பல இருந்து, அவற்றில் மூன்று நோ டிரம்ப்பும் ஒன்றாக இருந்தால், அதையே எடு என்பது அதன் சாரம். கணவருக்கு அந்த விதி எப்போதோ தெரியும். “அதெல்லாம் சாம்பியனுக்கு” என்று ஒதுக்கி வைத்திருந்தார்.

அடுத்த அணிப் போட்டி மூன்று வாரம் கழித்து வந்தது. ஏழாவது ஆட்டத்தில் கணவர் ‘ஒன் நோ டிரம்ப்’ என்றார். இந்த முறை முடிவெடுக்க வேண்டியவர் டீச்சர். போர்டில் சிவப்பு. கையில் 8 புள்ளி: டைமண்டில் ராஜா, ராணி, பத்து, ஒன்பது, ஏழு. ஹார்ட்டினில் ஒரு ராஜா.

எட்டு என்றால் ‘டூ’ என்று கேட்டு முடிவைக் கணவரிடம் தள்ளிவிடலாம். பிறகு என்ன நடந்தாலும் தன் தலையில் விழாது. டீச்சர் கடைசிப் பக்கத்தின் நாலு கேள்விகளையும் மனசுக்குள் ஓட்டினார். அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார்: ‘த்ரீ நோ டிரம்ப்.’

கணவர்தான் ஆட வேண்டும். டீச்சர் டம்மி. சீட்டுகளை விரித்து வைத்துவிட்டு வாய் திறக்காமல் உட்கார வேண்டும்.

எதிராளி ஸ்பேடு போட்டார். கணவரிடம் ஸ்பேடில் ஏஸ் மட்டும்தான் தடுப்பு. அவசரப்படாமல் இரண்டு முறை விட்டுக்கொடுத்து மூன்றாவது முறைதான் எடுத்தார். எதிரணியில் ஒருவரிடம் ஸ்பேடு தீர்ந்தது. இன்னொருவரிடம் இன்னும் இரண்டு. அடுத்து டைமண்டை ஆட வேண்டும். அதில் ஏஸ் வெளியே இருக்கிறது. ஸ்பேடு தீர்ந்தவரிடம் அந்த ஏஸ் இருந்தால் கேம் ஜெயம். மற்றவரிடம் இருந்தால் தோல்வி. பாதிக்குப் பாதி.

கணவர் டைமண்ட் போட்டார். ஏஸ் விழுந்தது, மற்றவரிடமிருந்து. தொடர்ந்து இரண்டு ஸ்பேடு. மொத்தம் ஐந்து பிடி போனது. ஒரு பிடியில் தோல்வி. 100 நஷ்டம்.

டீச்சர் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காது மட்டும் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தது.

“ஏஸ் அந்தப் பக்கம் இருந்துச்சு” என்றார் கணவர். அவ்வளவுதான். சீட்டுகளை அடுக்கிப் போர்டில் செருகினார். அடுத்த ஆட்டம் தொடங்கியது.

போட்டி முடிந்து மதிப்பெண்களை ஒப்பிட்டபோது தெரிந்தது. அடுத்த மேஜையிலும் அதே மூன்று நோ டிரம்ப். அதே ஸ்பேடு, அதே ஏஸ், அதே 100 நஷ்டம். அந்த ஆட்டத்தில் யாருக்கும் ஒரு இம்ப்கூட மாறவில்லை. போட்டியை டீச்சரின் அணி 4 இம்ப்பில் ஜெயித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல கணவர் நோட்டைக் கேட்டார். டீச்சர் நோட்டோடு சிவப்புப் பேனாவையும் சேர்த்தே நீட்டினார்.

கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது. ‘3 நோ டிரம்ப், 8 பிடி, -100.’ பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

“அந்தப் பச்சைப் பேனா எங்க?” என்றார்.

“எதுக்கு?”

“பதினொண்ணாவது ஆட்டம். ஒண்ணுல நிறுத்திட்டேன், ஒன்பது பிடி வந்துச்சு. அது என் தப்பு.”

டீச்சர் பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நோட்டில் கணவர் கையால் விழுந்த முதல் பச்சைக் கோடு அது.